பெங்களூருக்கு வா, இல்லையேல் ராஜினாமா செய்: கோத்தகிரி வாசகியின் கேள்வி

கேள்வி: 2021-இல் பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சோதனைப் பொறியாளராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து கோத்தகிரி பக்கத்தில் எங்கள் அட்டியில் (மலைச் சிற்றூரில்) இருந்தபடிதான் வேலை. இப்போது, ‘அடுத்த மாதம் முதல் வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகம் வர வேண்டும், முடியாதவர்கள் ராஜினாமா செய்யலாம்’ என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. போன மழையில் மரம் சாய்ந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லை. அதற்கும் சம்பளம் பிடித்துவிட்டார்கள். இதற்கெல்லாம் அவர்களுக்கு அதிகாரம் உண்டா?

பதில்: ராஜினாமாக் கடிதத்தை மட்டும் இப்போது எழுதாதீர்கள். மனிதவளப் பிரிவிலிருந்து எத்தனை கனிவாகப் பேசினாலும் சரி. நீங்களாகவே விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால், பணிநீக்கத்துக்கு எதிராகச் சட்டம் தரும் பாதுகாப்பு பெரும்பாலும் கைநழுவிப் போய்விடும். மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

இனி கசப்பான செய்தி. வீட்டிலிருந்து வேலை செய்வதை ஊழியரின் உரிமையாக நம் நாட்டுச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கட்டித் தர வேண்டும் என்று 1951-லேயே சட்டத்தில் எழுதிவைத்தவர்கள், வீடே வேலைத்தளமாகும் காலத்தை எங்கே கண்டார்கள்! மகப்பேறு சலுகைச் சட்டத்தில் 2017-இல் சேர்க்கப்பட்டு, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கும் ஒரு விதி மட்டும் இதைத் தொடுகிறது. பேறுகால விடுப்புக்குப் பிறகு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்கிறது. அதிலும் ‘அனுமதிக்கலாம்’தான், கட்டாயமில்லை.

ஆகவே உங்கள் வழக்கின் உயிர் உங்களிடம் உள்ள காகிதங்களில் இருக்கிறது. நியமனக் கடிதத்தை எடுத்துப் ‘பணியிடம்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே பெங்களூரு முகவரி இருந்து, ‘மறு அறிவிப்பு வரும் வரை வீட்டிலிருந்து பணியாற்றலாம்’ என்று தனியே மின்னஞ்சல் வந்திருந்தால், அந்த மறு அறிவிப்புதான் இப்போது வந்திருக்கிறது. நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கும். மாறாக, பணியிடம் ‘தொலைதூரம்’ என்றோ உங்கள் வீட்டு முகவரியாகவோ குறிக்கப்பட்டிருந்தால், ஒப்பந்த நிபந்தனையை ஒருதலையாக மாற்றுகிறார்கள் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் ‘நிறுவனம் விரும்பும் எந்த இடத்துக்கும் மாற்றலாம்’ என்றொரு வரி கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். அதையும் தேடுங்கள்.

காகிதம் சாதகமாக இல்லாவிட்டாலும் ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, அட்டவணையில் உள்ள பணி நிபந்தனைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வழக்கமாக இருந்துவரும் சலுகையைத் திரும்பப் பெறுவதும் அந்த அட்டவணையில் உண்டு. ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருந்து செய்த வேலை அப்படி ஒரு சலுகைதான் என்று கேட்கலாம். வெற்றி நிச்சயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவகாசம் கேட்க இது நல்ல பிடி. இந்தப் பாதுகாப்பு ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கே. பொறியாளர் என்ற பட்டம் உங்களை அதிலிருந்து வெளியே தள்ளிவிடாது. நிர்வாகப் பொறுப்பு இல்லாமல் தொழில்நுட்ப வேலை செய்கிறீர்களா என்பதே கேள்வி.

பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். அலுவலகமும் போகாமல், மறுமொழியும் அனுப்பாமல் இருந்தால் ‘தானாகவே வேலையைக் கைவிட்டார்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். ‘வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், தினமும் செய்துகொண்டும் இருக்கிறேன், ராஜினாமா செய்யவில்லை, இடம் மாற இத்தனை வாரம் அவகாசமும் செலவுத் தொகையும் வேண்டும்’ என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். ஆவேசம் வேண்டாம். அந்தக் கடிதத்தை ஒருநாள் அதிகாரி ஒருவர் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

மீறி நீக்கினால், எந்த மாநிலச் சட்டம் என்ற குழப்பம் இதில் பெரிதல்ல. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டமும் கர்நாடகத்தின் 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய ஒரே பேச்சுதான்: ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது. மேல்முறையீட்டுக்குக் கெடு குறுகியது; நீக்கக் கடிதம் வந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். கணக்கு முடிக்க இழுத்தடிப்பதும் செல்லாது. நீக்கினாலும் நீங்களே விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. சிவில் வழக்கு என்றால் மட்டும் கவனம்: ‘பெங்களூரு நீதிமன்றங்களுக்கே அதிகாரம்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அது செல்லும். தனியார் வங்கி ஊழியர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025-இல் இப்படிச் சொல்லியிருக்கிறது.

சம்பளப் பிடித்தம். பணிக்கு வராத நாளுக்கு அந்த விகிதத்தில் பிடிக்கலாம், அதற்கு மேல் கூடாது. அவர்களே அனுமதித்த வேலைத்தளம் உங்கள் வீடு. அங்கே நீங்கள் இருந்தீர்கள். கம்பியில் சீகை மரம் விழுந்தது உங்கள் பிழையல்ல. ‘மின்சாரமும் இணையமும் ஊழியர் பொறுப்பு’ என்று நிறுவன விதிகளில் நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் வாதம் இளைக்கும், அவ்வளவுதான். அடுத்த மழைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். மின்தடை வந்ததும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) அழைத்துப் புகார் எண்ணை வாங்கி, அந்த எண்ணோடு அப்போதே மேலாளருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். மழை ஓய்ந்தபின் சொல்லும் விளக்கத்தைவிட நேரம் பதிந்த அந்தச் செய்திக்கு மதிப்பு அதிகம். இன்வெர்ட்டர் செலவை நிறுவனம் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, கேட்டுப் பார்க்கலாம்.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதகையில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். போகும்போது நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதித்த மின்னஞ்சல், இப்போது வந்த மின்னஞ்சல் ஆகியவற்றை அச்செடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் பணி தொடர்பானவை மட்டும். வாடிக்கையாளர் கோப்பு ஒன்றுகூட வேண்டாம், அதையே குற்றச்சாட்டாக்கிவிடுவார்கள். இன்றே எடுத்துவையுங்கள். நிறுவனம் கணக்கை முடக்கிவிட்டால் அந்த மின்னஞ்சல்களை மறுபடி திறக்க முடியாது.