வலைப்பின்னல் கட்டளைகள் முக்கியமான தகவலைத் திரையில் மேலே காட்ட வேண்டுமா, அடியிலா?

அடியில். நீங்கள் ஏதோ ஒரு கருவியை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் கட்டளை ஓடி முடிந்ததும் உங்கள் கண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கடைசி வரியில்தான் நிற்கும்.

போன குறுவை அறுவடையின்போது மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பில் போடும் கம்ப்யூட்டருக்கும் எடை மேடைக்கும் தொடர்பு அறுந்துபோனது. வாசலில் நெல் லாரிகள். நானோ கும்பகோணத்திலிருந்து வந்த பஸ்ஸில், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒரு கம்ப்யூட்டரைப் போனிலேயே சரிசெய்யும் அளவுக்கு நேரம் கிடைக்கும்.

ஆலைக் கணக்குப் பிள்ளையிடம் "ஐபி ஏ" என்று தட்டச் சொன்னேன். இணைப்புகளின் நிலையைக் காட்டும் லினக்ஸ் கட்டளை அது. "அண்ணே, அப் என்றுதான் இருக்கிறது" என்றான். அப் என்றால் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள். நம்பினேன். ரூட்டரை அணைத்துப் போடு, சுவிட்சை அணைத்துப் போடு என்று இருபது நிமிடம் அவனை ஓட வைத்தேன்.

நடந்தது இதுதான். அந்தக் கட்டளை இடைமுகங்களை, அதாவது கம்ப்யூட்டரின் வலைப்பின்னல் வாசல்களை, அவற்றின் எண் வரிசையில் காட்டுகிறது. முதலில் கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசும், யாருக்கும் வேண்டாத 'லோ', இரண்டாவதாகக் கேபிள் செருகும் உண்மையான ஈதர்நெட். பில் மென்பொருளைப் போட்டவர்கள் அதைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் டாக்கரில் போட்டிருந்ததால் அதன் பிறகு ஏழெட்டு மெய்நிகர் இடைமுகங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வரி. திரையோ பழையது, 25 வரிதான். கேபிளில் தொடர்பு இல்லை என்று சொல்லும் 'நோ கேரியர்' என்ற வரி மேலே ஓடி மறைந்துவிட்டது. பையன் படித்த 'அப்' கடைசி மெய்நிகர் இடைமுகத்தினுடையது. ஷிப்டோடு பேஜ் அப் அழுத்திப் பின்னால் போகவும் வழியில்லை. 2020-இல் வந்த லினக்ஸ் 5.9 அந்த வசதியை எடுத்துவிட்டது.

"பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டும் லெஸ் போடத் தெரியாதா?" என்று கேட்க ஒருவர் வருவார். போடச் சொன்னேன் ஐயா. நடுவில் செங்குத்துக் கோடு போடு என்றேன், அவன் சின்ன எல் எழுத்தைத் தட்டினான். 'லெஸ் என்ற சாதனம் இல்லை' என்று பதில் வந்தது.

எண் வரிசைதான் நிரல்களுக்கு வசதி என்பார் இன்னொருவர். நிரல்களுக்குத்தான் அதே கட்டளையில் ஜேசன் வடிவம் இருக்கிறதே, மனிதன் படிக்கும் வடிவத்தை ஏன் கெடுக்க வேண்டும்? மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையைப் பாருங்கள். எத்தனை போனது, எத்தனை வந்தது, எத்தனை சதவீதம் தொலைந்தது எல்லாம் நிறுத்தியதும் அடியில் வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. டிரேஸ்ரூட் போகும் வழியைக் காட்டுவது. அதன் வரிசையை மாற்றினால் அபத்தம்.

கேட் திறந்து நான் போய்ப் பார்த்தபோது மூட்டைகளுக்குப் பின்னால் கேபிளை எலி கடித்திருந்தது. மாற்றினேன். முதலாளி கேபிளுக்கு மட்டும் காசு கொடுத்தார். "ஒரு வயர்தானே தம்பி மாற்றினாய்?" என்றார். போனில் பேசிய நேரத்துக்குக் கூலி கேட்டால் நம் ஊரில் ஏதோ வட்டி கேட்டதுபோல் பார்க்கிறார்கள். பஸ் டிக்கெட்டும் என் செலவுதான்.

வரும்முன் 'ஐபி மைனஸ் பிஆர் ஏ' என்று ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். இடைமுகத்துக்கு ஒரு வரிதான் வரும். "இரண்டாவது வரியைப் படி" என்று தாளின் அடியில் எழுதிவிட்டு வந்தேன்.