உலகளாவிய சுகாதார முதுகலை: மகளைச் சேர்க்க எண்ணும் ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்து, மஞ்சள் பைக்குள்ளிருந்த தோட்டத்துப் பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்து, "நம்ம அம்மணி இதைப் படிச்சா என்ன வேலைக்குங்க போகும்?" என்று கேட்டீர்கள். அன்று பாதியில் நின்ற பதிலை இங்கே எழுதுகிறேன்.

செவிலியர் பட்டம் பெற்ற உங்கள் மகளை இப்படிப்பு மருத்துவர் ஆக்காது. மாவட்டச் சுகாதார அலுவலர் போன்ற பதவிகளுக்கு எம்.பி.பி.எஸ். தேவை என்பதால், அவற்றை மனத்தில் வைத்து இதில் சேர்க்க வேண்டாம். ஓர் ஊரே ஏன் நோயுறுகிறது, அதைத் தடுக்கச் செலவழித்த பணத்துக்குப் பலன் உண்டா என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் இத்துறையின் பணி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்த மாத்திரை கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறார்கள், எத்தனை பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது, நூற்பாலையில் இரவு ஷிஃப்டு பார்த்துவிட்டுப் பகலில் உறங்கும் பெண் ஏன் பட்டியலில் விடுபட்டுப் போகிறாள் என்று ஆராய்பவருக்குக் கண்காணிப்பு, மதிப்பீட்டு அலுவலர் என்று பெயர். இப்படிப்பை முடித்தவர்களில் பலர் முதலில் சேர்வது இத்தகைய வேலையில்தான். வார்டில் நோயாளிகளோடு பழகிய உங்கள் மகளுக்கு அது நன்றாகவே கைவரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைத் தவிர, சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் ஒப்பந்த அடிப்படையிலான ஆய்வுப் பணிகள், தொண்டு நிறுவனங்களின் திட்டப் பணிகள், முனைவர் பட்ட ஆய்வு ஆகியவையும் உண்டு.

மகள் சொன்ன ஜெனீவாவைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனமும், ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் காவி (Gavi) அமைப்பும், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவை எதிர்க்க நிதி தரும் குளோபல் ஃபண்டும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் ஐ.நா. முறையில் அலுவலர் பதவிகளின் தொடக்கப் படியான பி-2 நிலைப் பணிக்கே பொதுவாக இரண்டாண்டு அனுபவமும், அடுத்த படியான பி-3க்கு ஐந்தாண்டும் கேட்பார்கள். அதோடு, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025இல் மூடப்பட்டு, உலக சுகாதார நிறுவனமும் ஆட்குறைப்பில் இறங்கியதால், நீண்ட அனுபவமுள்ளவர்களே இன்று வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே படித்து முடித்த கையோடு ஜெனீவாச் சம்பளம் வரும், அதில் தவணை கட்டிவிடலாம் என்று நம்பித் தோட்டத்தை அடமானம் வைக்காதீர்கள்; இந்தியாவில் ஒரு திட்டப் பணியாளர் வாங்கும் சம்பளத்தில் அடைக்க முடிகிற அளவுக்கு மட்டுமே கடன் இருக்கட்டும்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட அதன் பாடத்திட்டமே எனக்கு முக்கியம். நோய்ப்பரவலியலும் உயிரிப் புள்ளியியலும் பெயரளவில் இல்லாமல் ஆழமாக உள்ளனவா, ஆர் (R) அல்லது ஸ்டேட்டா (Stata) என்ற புள்ளியியல் மென்பொருளில் மாணவரே தரவைக் கையாளப் பழக்குகிறார்களா, களப்பயிற்சி எத்தனை மாதம், யாருடைய மேற்பார்வையில் என்று பாருங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள் என்று மகளே அவர்களுக்கு எழுதிக் கேட்கட்டும்.

வரும் சனிக்கிழமை மகளையும் அழைத்து வாருங்கள். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பாடத்திட்டத்தின் அச்சுப்படியை மட்டும் கொண்டுவந்தால் போதும்.