மூணாம் வகுப்புப் பிள்ளைக்குப் புதிர் கொடுத்தால் கணக்கு வருமா?

மூணாவது படிக்கிற பொண்ணு கணக்கு நோட்டைக் கண்டாலே ஓடுகிறாள், புதிர் கொடுத்தால் பயன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். ஆனால் சொல்லிக்கொடுத்ததைப் பழகத்தான் புதிர். கடன் வாங்கிக் கழிப்பதே புரியாத பிள்ளைக்கு அதுவும் இன்னொரு தொல்லைதான்.

மாயச் சதுரத்தில் தொடங்குங்கள். புத்தகமெல்லாம் வாங்க வேண்டாம், தரையில் சாக்பீஸால் ஒன்பது கட்டம் போட்டு, 1 முதல் 9 வரை துண்டுக் காகிதங்களில் எழுதிக் கொடுத்து, நீளவாக்கு, குறுக்குவாக்கு, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 15 வர வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நடுவில் 5, மூலைகளில் இரட்டை எண்கள்; இதை மட்டும் உளறிவிடாதீர்கள்! தேடுகிற சாக்கில் அவளே ஒரு பக்கக் கூட்டலைப் போட்டு முடித்திருப்பாள். ரொம்பத் திணறினால் மேல்வரிசையில் 8, 1, 6, நடுவில் 5 வைத்துக் கொடுங்கள், மிச்சமெல்லாம் கழித்தல் பயிற்சி. அப்புறம், எல்லாக் கட்டத்திலும் 2 கூட்டினால் 15 என்னவாகும்? 21.

கடைத்தெருவிலும் செய்யலாம். காசிமேட்டில் மீனுக்கு 100 ரூபாயை 10, 20 ரூபாய் நோட்டுகளாக மட்டும் எத்தனை விதமாகக் கொடுக்கலாம் என்று கேளுங்கள். ஆறு விதம், எல்லாமே பத்தாகக் கொடுப்பதைத் தவறவிடுவது சுலபம். நேரம் வைத்து விரட்டாதீர்கள், மீன்காரம்மா விரட்டுவதே போதும்.