ஆத்தங்குடி டைல் பட்டறைத் தொழிலாளி சங்கத்தில் சேர்வதால் என்ன பயன்?

முதன்மையான பயன் கூலிப் பேச்சில்தான். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றி ஒவ்வொரு கல்லாகக் கையால் வார்க்கும் சிறு பட்டறையில், தனியாக உயர்வு கேட்பவரை மறுநாளே வரவேண்டாம் என்று சொல்லிவிட முடியும். சுற்றியுள்ள பல பட்டறைகளின் ஆட்கள் ஒரே சங்கமாகக் கேட்கும்போது அது எளிதன்று.

பதிவுபெற்ற சங்கத்திற்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. பதிவுக்குக் குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும் என்பதால், நான்கைந்து பேர் மட்டுமே உள்ள பட்டறையின் தொழிலாளிகள் அக்கம்பக்கத்துப் பட்டறைத் தொழிலாளிகளோடு சேர்வதே நடைமுறைக்கு உகந்தது. வேலைநீக்கம், கூலி பாக்கி போன்ற வழக்குகளில் தொழிலாளர் அலுவலர் முன் உறுப்பினருக்காகச் சங்கம் வாதாடலாம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: விபத்து உதவி, கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவற்றை வழங்குவது அரசின் நலவாரியம், சங்கம் அதில் பதிவு செய்யத் துணைநிற்கும், அவ்வளவே. சந்தா கட்டுமுன் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கும் சங்கத்தில் நான் சேரமாட்டேன்.