அன்றாட வேலைகளுக்கு நடுவே ஆண்டு இலக்குக்கு இடம் ஒதுக்குவது எப்படி?

கேள்வி: ஓர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவைக் கவனித்து வருகிறேன். காலையில் எழுதும் பட்டியலில் 14 வேலைகள் இருந்தால், மாலைக்குள் 11 வேலைகளை முடித்துவிடுகிறேன். ஆனால் புதிய ஊழியர்களுக்குப் பயிற்சிக் கையேடு எழுதுவது, தரவுப் பகுப்பாய்வு கற்றுக்கொள்வது என்று இந்த ஆண்டுக்கு வைத்துக்கொண்ட இரண்டு இலக்குகளும் 6 மாதங்களாக அப்படியே கிடக்கின்றன. அன்றாட வேலைகளில் எதற்கு முதலிடம் தர வேண்டும்?

பதில்: 14-இல் 11 வேலைகளை முடிப்பவரிடம் உழைப்புக்குக் குறைவில்லை. மீதி மூன்று எவை என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடந்த இரண்டு வாரப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள்; கையேடு அநேகமாக அந்த மூன்றில் ஒன்றாகவே இருந்து, நாள்தோறும் மறுநாள் பட்டியலுக்கு மாறிக்கொண்டிருக்கும். அதற்குக் கெடு இல்லை. அது என்னவாயிற்று என்று கேட்டு யாரும் தொலைபேசியில் அழைப்பதும் இல்லை. மெங் ஷூவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் பலன் தரும் வேலை ஒன்று இருந்தும், கெடு நெருங்கிவிட்டதாகத் தோன்றிய, குறைந்த பலன் தரும் வேலையைப் பலர் தேர்ந்தெடுத்தது தெரியவந்தது. ஆகவே இதை உங்கள் தனிப்பட்ட குறையாக எண்ணி வருந்த வேண்டாம்.

அவசரமானவை, முக்கியமானவை என்று வேலைகளைப் பிரிக்கும் நான்கு கட்ட அட்டவணையை நீங்கள் பார்த்திருக்கலாம். அமெரிக்க அதிபராக இருந்த ஐசன்ஹோவர் 1954-இல் ஆற்றிய உரையொன்றில் எடுத்துச் சொன்ன கருத்தை அடியொற்றிப் பிற்காலத்தில் பரவிய முறை அது. எது முக்கியம் என்று அடையாளம் காண அது உதவும். ஆனால் அதை எப்போது செய்வது என்று அது சொல்வதில்லை. கையேட்டை ‘முக்கியம், ஆனால் அவசரமில்லை’ என்ற கட்டத்தில் எழுதிவைத்த நிம்மதியிலேயே பலர் மின்னஞ்சலைத் திறந்துவிடுகிறார்கள்.

முதலில் திருத்த வேண்டியது பட்டியலில் உள்ள சொற்களை. ‘கையேடு எழுதுதல்’ என்பது ஒரு வேலையன்று, நூறு வேலைகளுக்கான பொதுப்பெயர். அதன் பக்கத்தில் ‘பணத்தைத் திருப்பிக் கேட்டவருக்குப் பதில் அனுப்புதல்’ என்று இருந்தால், பத்து நிமிடத்தில் முடியக்கூடிய அதைநோக்கித்தான் கை போகும். எனவே, ‘பணத்தைத் திருப்பிக் கேட்டு நேற்று வந்த புகாரை எடுத்துக்கொண்டு, பதிவு செய்ததிலிருந்து முடித்துவைத்தது வரையிலான படிகளை ஒரு பக்கத்தில் எழுதுதல்’ என்று மாற்றி எழுதிப் பாருங்கள். உட்கார்ந்தவுடன் தொடங்க முடிகிறதா, எங்கே முடிகிறது என்று தெரிகிறதா, 50 நிமிடங்களுக்குள் அடங்குமா என்ற மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்தால், அது நாள்பட்டியலில் இடம்பெறத் தகுந்த வேலை.

அடுத்தது நேரம். இந்த 50 நிமிடங்களை மற்ற வேலைகளோடு போட்டியிட விடாமல், பட்டியல் எழுதுவதற்கு முன்பே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அலுவலகம் வந்ததும், மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பு வைத்துக்கொள்வது பெரும்பாலானோருக்குப் பொருந்தும். உங்கள் பிரிவில் காலையில்தான் அழைப்புகள் குவிகின்றன என்றால், ஒரு வாரம் கவனித்து, அழைப்புகள் ஓயும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கூட்டங்களுக்கு இடையே கிடைக்கும் கால்மணி நேரத்தில் இதைச் செய்துவிடலாம் என்று மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் 2009-இல் வெளிவந்த ஆய்வில் காட்டியிருக்கிறார். வாரத்துக்கு நான்கு நாட்கள் போதும். ஐந்தாவது நாளைத் தவறிப்போனதை ஈடுசெய்ய விட்டுவையுங்கள்.

இரண்டு இலக்குகளையும் தனித்தனியாக இழுக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை என்றே கருதுகிறேன். கடந்த மூன்று மாதப் புகார்களை எக்செல் தாளில் இட்டு, வகைவாரியாகப் பிரித்து, எந்த வகை அதிகம் வருகிறது, எது முடிய நீண்ட நாள் எடுக்கிறது என்று கணக்கிடுங்கள். தரவுப் பகுப்பாய்வின் முதல் பாடங்களை உங்கள் சொந்தத் தரவிலேயே கற்றுக்கொண்டதாகவும் இருக்கும். கையேட்டில் எந்த அத்தியாயத்தை முதலில் எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பயன்படுத்த இடமில்லாமல் கற்ற பாடம் விரைவில் மறந்துபோவதைப் பலரிடம் பார்த்திருப்பதால், இதை அழுத்திச் சொல்கிறேன்.

மற்ற வேலைகளைப் பொறுத்தவரை, இன்று செய்யாவிட்டால் நாளை யாருடைய வேலை தடைபடும் என்று கேட்டு வரிசைப்படுத்தினால் பெரும்பாலும் போதும். ஒவ்வொன்றுக்கும் உண்மையில் எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒரு வாரம் பக்கத்தில் குறித்துவந்தால், ஒரு நாள் 14 வேலைகளைத் தாங்காது என்பது உங்களுக்கே தெரியவரும். மூன்று நாட்களாக மறுநாளுக்கு மாறிவரும் வேலைக்குத் தேதி குறியுங்கள், அல்லது பொருத்தமான ஒருவரிடம் ஒப்படையுங்கள், இரண்டும் முடியாதென்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

உங்கள் குழுவினர் குறுக்கிட்டுக் கேட்கும் கேள்விகளும் வீணாகாது. ஒரே கேள்வி இரண்டாம் முறை வந்தால், பதிலை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், நான்கு வரிகளில் எழுதி அனுப்பிவிட்டு, அதன் நகலைக் கையேட்டுக்கான கோப்பில் போட்டுவையுங்கள். மறுநாள் 50 நிமிடங்களுக்கு உட்காரும்போது, வெறும் பக்கத்துக்குப் பதிலாக அந்த நான்கு வரிகள் உங்கள் முன்னே இருக்கும்.