வரைபடத்தை ஏன் வெட்டினீர்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தொண்டியிலிருந்து எழுதுகிறேன். வயது 31. ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருடமாகப் போர் வரலாற்று நூல்கள் சேர்க்கிறேன். இரண்டாம் உலகப்போர், இந்திய ராணுவம், கப்பல், டாங்கி என்று இதுவரை 212 புத்தகங்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. இந்தப் பணத்தில் எதை முதலில் வாங்க வேண்டும்? ஆஸ்பிரே வெளியிடும் மெல்லிய புத்தகங்கள் தேவையா? போர்க்கப்பல்களைப் பட்டியலிடும் பழைய ஜேன்ஸ் ஆண்டு மலர்கள் பயன்படுமா? உப்புக்காற்றில் தாள் பழுக்கிறது, அதற்கு என்ன வழி? "சண்டைப் புத்தகத்துல அப்படி என்னதான் இருக்கு" என்று அம்மா கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

என் அலமாரியின் படத்தை இணைத்திருக்கிறேன். சுவரில் இருப்பது பர்மா போர் பற்றிய பழைய நூலில் இருந்த மடிப்பு வரைபடம். பார்க்க அழகாக இருந்ததால் வெட்டி எடுத்து லேமினேட் செய்து மாட்டினேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

வரிசையாகப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். கடைசி வரியைப் படித்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

முதலில் சின்ன விஷயங்கள். ஆஸ்பிரேயின் சீருடை வரிசை 48 பக்கம். வண்ணப் படங்களுக்காக ஒன்றிரண்டு வாங்கலாம், ஒரு போரைத் தெரிந்துகொள்ள அது போதாது. ஜேன்ஸ் போர்க்கப்பல் மலர் 1898 முதல் வருகிறது. எல்லா ஆண்டும் சேர்க்க நினைத்தால் வீடு தாங்காது. நீங்கள் படிக்கும் போருக்கு முந்தைய வருடத்து மலர் ஒன்று, போர் முடிந்தபின் வந்தது ஒன்று, அவ்வளவு போதும். உப்புக்காற்றுக்குப் பயந்து பிளாஸ்டிக் உறையில் இறுக்கி வைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், வசம்புத் துண்டு வையுங்கள், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் புரட்டுங்கள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் உங்களுடையது. நான் அதில் நுழைய மாட்டேன்.

சரி. அந்த வரைபடத்தை ஏன் வெட்டினீர்கள்?

ஆறு வருடம் பார்த்துப் பார்த்து 212 புத்தகம் சேர்த்த கை பிளேடை எப்படி எடுத்தது? அழகாக இருந்தது என்கிறீர்கள். அது அழகுக்காக வரைந்ததா? அந்த நூலில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் அந்தத் தாளில்தான் கால் ஊன்றி நிற்கிறது. "படைப்பிரிவு இடப்பக்கம் நகர்ந்து ஆற்றைக் கடந்தது" என்று ஆசிரியர் எழுதுகிறார். எது இடப்பக்கம்? எந்த ஆறு? எவ்வளவு அகலம்? எதிர்க்கரை மேடா, சதுப்பா? இவை தெரியாமல் அந்த வரியைப் படிப்பவர் ஊர்ப்பெயர்களைத்தான் வாசிக்கிறார், போரை வாசிக்கவில்லை. உங்கள் சுவரில் இருப்பது இப்போது வெறும் படம். அலமாரியில் இருப்பது பாதிப் புத்தகம். ஒரு பொருளை இரண்டாக வெட்டி இரண்டையும் கெடுத்துவிட்டீர்கள்.

கோபம் வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. உங்கள் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்புதான் ராபர்ட் ஆர்ம் எழுதிய நூலின் மறுபதிப்பு ஒன்று எனக்குத் தபாலில் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் பக்கம் மோதிய கர்நாடகப் போர்களைப் பற்றி 1763 முதல் தொகுதி தொகுதியாக வந்த நூல். திருச்சியைச் சுற்றி நடந்த சண்டைகளை அதுபோல் விரிவாகச் சொன்ன இன்னொரு பழைய நூல் குறைவு. 1,400 ரூபாய் கொடுத்தேன். பிரித்தால், வரைபடம் இருக்க வேண்டிய பக்கத்தில் மடித்த தாளின் முதுகு அச்சாகியிருக்கிறது! சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், அதற்குப் பின்னால் திருச்சிக் கோட்டை நிழல்போலத் தெரிகிறது. நடந்தது இதுதான். பழைய நூல்களை லட்சக்கணக்கில் ஸ்கேன் செய்தவர்கள் மடிப்புத் தாள்களை விரிக்கவில்லை. விரிக்க நேரம் பிடிக்கும். அந்த ஸ்கேனை எடுத்து அப்படியே அச்சடித்து விற்கிறார்கள் மறுபதிப்புக்காரர்கள். ஆக, பக்கங்கள் உலகமெங்கும் இலவசமாகக் கிடைக்கின்றன, வரைபடங்கள் பெரும்பாலும் பழைய அசல் பிரதிகளுக்குள்தான் உயிரோடு இருக்கின்றன. அப்படிப்பட்ட அசல் பிரதி ஒன்றில்தான் நீங்கள் பிளேடு வைத்தீர்கள்.

மண்டபத்துக்கு முன்னால் வேதாளை இருக்கிறதே, ராமேஸ்வரம் பஸ்ஸில் எத்தனை முறை கடந்திருப்பீர்கள்? 1538இல் அங்கே ஒரு பெரும் கடற்படை அழிந்தது. கள்ளிக்கோட்டை மன்னர் சாமூதிரிக்காக மரக்காயர்கள் நடத்தி வந்த படை. சிங்களத் தீவில் மாயாதுன்னை என்ற அரசருக்கு உதவப் புறப்பட்டது. மார்ட்டின் அபோன்சோ டி சூசாவின் தலைமையில் போர்த்துகீசியர் அதை வேதாளைக் கரையில் வைத்து முறியடித்தார்கள். நூல்களில் இது பெரும்பாலும் ஒரு பத்திதான். நான் அந்தப் பத்தியைப் பல வருடம் படித்தும் ஒன்றும் புரியாமல் இருந்தேன். கன்னியாகுமரியைச் சுற்றி வந்த படை எங்கெங்கோ கரை ஒதுங்கியிருக்கலாமே, ஏன் வேதாளை?

ஒருநாள் பத்தியை மூடிவிட்டு வரைபடத்தை எடுத்தேன். மன்னார் வளைகுடாப் பக்கமாக, நாம் ஆண் கடல் என்கிறோமே, அதன் வழியாக வடக்கே வரும் படகு எதுவும் பாம்பனில் போய்த் தடைபட்டாக வேண்டும். பெருநிலத்துக்கும் தீவுக்கும் நடுவே குறுகிய, ஆழமில்லாத ஒரு வாய். ஆழம் கேட்கும் பெரிய கப்பலுக்கு அங்கே வழி கிடையாது. அந்த வாய்க்குச் சற்று முன்னால், தெற்குப் பார்த்த கரையில், வேதாளை. வாசலுக்கு வெளியே வண்டியை நிறுத்துவதுபோல நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அன்றைக்குத்தான் அந்தச் சண்டை நடந்தது.

இப்போது என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் மதராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் இருந்தவர். பாலம் போடுவதும், பாதை வெட்டுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் சாப்பர் வேலை. ராணுவத்தில் அந்தப் படைக்குச் செல்லப்பெயரே 'தம்பி'தான். நான்காவது இந்திய டிவிஷனோடு, அப்போது இத்தாலியர் கையில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் எரித்ரியாவில் கெரன் என்ற ஊர்ச் சண்டையில் இருந்தார். 1941 பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் 27 வரை நடந்த சண்டை. ஒரு மலை இடுக்கு வழியாகத்தான் ஊருக்குள் போகும் சாலை. இத்தாலியர்கள் பாறையை வெடிவைத்துச் சாலை மேல் சரித்து அடைத்துவிட்டார்கள். இரண்டு பக்க உச்சியிலும் அவர்களுடைய துப்பாக்கி. அந்தப் பாறைக் குவியலை அப்புறப்படுத்தப் போனவர்களில் இவரும் ஒருவர். திரும்பி வந்தபின் தேவிபட்டினம் பக்கம் எங்கள் ஊரில் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தார். பட்டாளக் கதை பேசமாட்டார்.

எனக்குப் பதினாலு வயது. ஒரு நூலகத்தில் இந்திய ராணுவத்தின் அதிகாரபூர்வ வரலாற்றில் கிழக்கு ஆப்பிரிக்கத் தொகுதி கிடைத்தது. கெரன் என்ற பெயரைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "படம் போட்டிருக்கான்ல, அதக் காட்டு" என்றார். வரைபடப் பட்டியலில் கெரன் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பினால் இல்லை. தையலை ஒட்டி அரை விரல் அகலத்துக்குத் தாளின் ஓரம் மட்டும் நேராக நின்றது. யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். பெரியப்பா அந்த ஓரத்தை மேலிருந்து கீழே கட்டைவிரலால் தடவினார். ஒருமுறைதான். அப்புறம் புத்தகத்தை மூடி என்னிடம் கொடுத்துவிட்டார்.

சற்று நேரம் கழித்து அடுப்புக்கரி எடுத்து வரச் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து வரைந்தார். சாலை, அதை ஒட்டி ரயில் பாதை, இரண்டும் நெருக்கியடித்து நுழையும் இடுக்கு. இரு பக்கமும் வளைவளைவாக ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள். "இதென்ன பெரியப்பா, கோலம் மாதிரி?" என்றேன். எங்கள் ஊரில் மலை ஏது? கண்மாய்க்கரையும் மணல்மேடும் தவிர உயரம் என்று நான் எதையும் பார்த்ததில்லை. அவர் எழுந்து போய் ஒரு சிரட்டையும் குண்டானும் கொண்டு வந்தார். சிரட்டையைக் குண்டானுக்குள் கவிழ்த்து, மேலே கல் வைத்து, ஒரு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொட்ட இடத்தில் ஆணியால் சுற்றிலும் கீறினார். இன்னொரு விரல் ஊற்றி இன்னொரு கீறல். இப்படி நாலு. தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிரட்டையை என் கண்ணுக்கு நேர் கீழே பிடித்தார். நாலு வட்டம், ஒன்றுக்குள் ஒன்று, பக்கவாட்டில் செங்குத்தாக இருந்த இடத்தில் நெருங்கியும், உச்சியில் விலகியும்.

"கோடு நெருங்கிக் கெடந்தா சுவரு. வெலகிக் கெடந்தா வயக்காடு. சுவத்துல ஏறச் சொன்னா ஆளு சாவான். அதிகாரிக்கு இந்தக் கோடு படிக்கத் தெரியணும்டா."

போர் வரலாறு பற்றி அதற்குப் பிறகு நான் படித்தது எல்லாமே அந்தச் சிரட்டைக்கு மேல் கட்டியதுதான். மறுநாள் திண்ணையை மெழுகிவிட்டார்கள். பெரியப்பா இறந்து பல வருடம் கழித்து, சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே தொகுதி முழுசாகக் கிடைத்தது. கடை வாசலிலேயே தாளை விரித்தேன். சாலையும் ரயில் பாதையும் இடுக்கும் அவர் கரியால் போட்ட மாதிரியே இருந்தன. அவர் விரல் பட்டிருக்க வேண்டிய தாள் அது, தம்பி. யாரோ ஒருவருக்கு அது அழகாக இருந்திருக்கிறது.

இனி உங்கள் ஆயிரம் ரூபாய்.

இலவசமாக வருவதற்குக் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்க ராணுவத்தின் இரண்டாம் உலகப்போர் வரலாறு, பச்சை அட்டைத் தொகுதிகள், அவர்களே பிடிஎப்பாகத் தருகிறார்கள். நமது 1962, 1965, 1971 போர்களின் அதிகாரபூர்வ வரலாறும் இணையத்தில் கிடைக்கிறது. நம் சீமையைப் பற்றிப் படிக்க கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷின் 1830ஆம் வருட நினைவுக் குறிப்புகள் இருக்கின்றன. சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர், பிறகு அவருக்கு எதிராகவே படையோடு வந்தவர். வில்சனின் மதராஸ் ராணுவ வரலாறு, 1882 முதல் 1889 வரை வந்தது, அதுவும் அப்படியே. இவற்றைத் திரையில் படியுங்கள்.

வரைபடத்துக்கு, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெரி-காஸ்டனெடா நூலகத் தளத்துக்குப் போங்கள். அமெரிக்க ராணுவம் 1950களில் வெளியிட்ட இந்திய வரைபடங்கள், யு502 வரிசை, அங்கே இருக்கின்றன. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் போர் வரைபடங்களும் இலவசம். நம் கடற்கரையின் பெரிய அளவு வரைபடங்கள் நீண்ட காலம் பொதுமக்களுக்குக் கிடைக்காதவை. சொந்த ஊரின் தாளைக் கேட்டு நான் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். 2021இல் வரைபட விதிகளைத் தளர்த்திய பிறகு நிலைமை மாறியது. தேவையானதை ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் எடுத்து, அந்தந்தப் புத்தகத்துக்குள் மடித்து வையுங்கள். சுவரில் மாட்ட ஆசையா, இன்னொரு பிரதி எடுத்து மாட்டுங்கள். யார் வேண்டாம் என்றது?

மிச்சப் பணத்தை மூன்று நாலு மாதம் சேர்த்து, மடிப்பு வரைபடத்தோடு முழுசாக இருக்கும் ஒரு பழைய பிரதி வாங்குங்கள். பதிவுப் புத்தகத் தபால் சலுகையை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள், அதனால் தபால் செலவையும் கணக்கில் சேருங்கள். வாங்கும் முன் விற்பவரிடம் வரைபடப் பட்டியலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். பின் அட்டையில் பை இருந்தால் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். தையல் ஓரத்தில் வெட்டிய தாள் நிற்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். "ஒரு படம்தான் இல்லை, விலை குறைக்கிறேன்" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லேமினேட் செய்ததைப் பிரிக்க முயலாதீர்கள், தாள் உரிந்துவிடும். அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று நூலின் முதல் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள். நூலின் பெயரை எனக்கும் அனுப்புங்கள், அந்த வரைபடத்தை எங்காவது விரித்து ஸ்கேன் செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் வாருங்கள். பெரிய தாள்களை ஸ்கேன் செய்யும் கடை ஒன்று எனக்குத் தெரியும். நேரம் இருந்தால் அப்படியே வேதாளைக்கும் போய் வரலாம். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், குழாய் மாதிரி சுருட்டிக் கையிலேயே வைத்திருங்கள். மடித்துவிடாதீர்கள்.