காபி ஸ்டவுட்டில் குடைமிளகாய் வாடை ஏன்?

கேள்வி: மிச்சிகனில் இருக்கிறேன். போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் ஊறி, காபி, பட்டை, ஆன்ச்சோ (உலர்த்திய மெக்சிகோ) மிளகாய் சேர்த்த, 12 சதவீத மது உள்ள ஸ்டவுட் (கறுப்பு பீர்) ஒன்றை, ‘மூன்று வருஷப் பழசு’ என்று தெரிந்தவர் மூலம் கூடுதல் விலைக்கு வாங்கினேன். காபி மணமே இல்லை. பச்சைக் குடைமிளகாய் வாடை, லேசான புளிப்பு. கெட்டுவிட்டதா? நான் குடித்த விதம் தவறா?

பதில்: காபி போட்ட ஸ்டவுட்டை வருஷக்கணக்கில் வைத்தால் இப்படித்தான் ஆகும். மரமும் மதுவும் தாங்கும், காபி தாங்காது. பெரும்பாலும் பீப்பாயிலிருந்து எடுத்த பிறகுதான் காபி சேர்க்கிறார்கள். சில மாதங்களில் வறுத்த மணம் போய், அடியில் இருந்த பச்சை வாடை தலைகாட்டும். உடம்புக்கு ஒன்றும் ஆகாது, பணம்தான் வீண்.

பீப்பாயில் ஊறுவது வேறு, யாரோ ஒருவருடைய கராஜில் பாட்டில் வெந்து கிடப்பது வேறு. உங்களுக்கு விற்றவரைப் போன்ற தரகர்கள் இரண்டையும் ஒன்றாக்கி விலை சொல்வார்கள். உரிமம் இல்லாத விற்பனை என்பதால் புகார் செய்யவும் வழியில்லை. லேபிளில் அச்சான வருஷத்தை நம்பாதீர்கள். பாட்டிலில் அடைத்த தேதியைக் கேளுங்கள். அமெரிக்க விதிகள் எச்சரிக்கை வாசகத்தின் எழுத்துத் தடிமன் வரை வரையறுக்கின்றன, ஆனால் அடைத்த தேதியைக் கட்டாயமாக்கவில்லை. வாங்குகிறவருக்கு முதலில் வேண்டியதே அதுதான்!

அடுத்த பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் சரி. அதற்குக் கீழே கசப்புதான் தெரியும். வாய் குறுகிய கோப்பையில் 100 மில்லி போதும். மூக்கை உள்ளே நுழைத்து ஆழமாக இழுத்தால் மது நெடி மற்றதை மறைத்துவிடும். விளிம்பில் வைத்துச் சின்னச் சின்னதாக முகருங்கள். முதல் வாய் நாக்கைப் பழக்க மட்டுமே, தீர்ப்பு இரண்டாவதில். மிளகாய்க் காரம் ஏறினால் தண்ணீர் வேண்டாம், ஒரு துண்டு சீஸ் தின்னுங்கள். 355 மில்லி பாட்டில் ஒன்று சாதாரண பீர் இரண்டரைக்குச் சமம். இருவராகக் குடியுங்கள்.

இனி புளிப்பு. எல்லாப் புளிப்பும் கெட்டதல்ல. லேசாக வறுத்த காபிக்கொட்டையே புளிக்கும்; கோப்பை சூடேறும்போது அந்தப் புளிப்பு இனிப்பில் அமுங்கி, விழுங்கியதும் நின்றுவிடும். பாக்டீரியா புளிப்பு அடங்காது. சூடேறச் சூடேறக் கூடும், விழுங்கிய பிறகும் எச்சில் ஊறும், கெட்டியாக இருக்க வேண்டிய பீர் நீர்த்துத் தெரியும். கூடவே மூடியைத் திறந்ததும் நுரை பொங்கி வழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், கொட்டிவிடுங்கள். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் என்ற பீர் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட போர்பன் கவுன்டி காபி ஸ்டவுட்டுக்கே இந்தப் பாக்டீரியா புளிப்பு நேர்ந்தது. 2016 ஜனவரியில் அந்த நிறுவனம் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. உங்கள் தரகரிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.